பழைய சாலையும் ஒரு சின்னக் கோப்பும்

ஈப்போவிலிருந்து தைப்பிங்கிற்குக் காரில் போனால், நெடுஞ்சாலையில் ஏறிச் சுமார் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். மிதிவண்டிக்கு அந்த நெடுஞ்சாலையில் அனுமதி இல்லை. அதனால் நானும் சித்தப்பாவும் பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்தோம். செம்மோர் தாண்டி, சுங்கை சிப்புட்டில் பசியாறல். பிறகு 1932-இல் திறக்கப்பட்ட இஸ்கண்டார் பாலம் வழியாகப் பேராக் ஆற்றைக் கடந்து கோலகங்சார்.

அங்கேதான் சிக்கல். என் கருவி நேரே பாடாங் ரெங்காஸ் போகச் சொன்னது. சித்தப்பாவின் கைப்பேசியோ நெடுஞ்சாலை நுழைவாயிலைக் காட்டியது. இருவரிடமும் இருந்தது ஒரே பாதை. அறுபது வயதுக்காரரை லாரிகளுக்கு நடுவே அனுப்பப் பார்த்த அந்தச் செயலியை நான் மன்னிக்கத் தயாராக இல்லை!

காரணம் எளிது. ஜிபிஎக்ஸ் கோப்பில் பாதையை இரண்டு விதமாக எழுதலாம். ‘ரூட்’ என்றால் சில புள்ளிகள் மட்டுமே. இடைப்பட்ட வழியைக் கருவியே தன் வரைபடத்தை வைத்துக் கணக்கிடும். அது கார் முறையில் இருந்தால் கதை கெட்டது. ‘டிராக்’ என்றால் வளைவுக்கு வளைவு புள்ளிகள் நெருக்கமாக இருக்கும்; போட்ட கோடு போட்டபடியே தெரியும். சித்தப்பா சேமித்திருந்தது ரூட். ஒட்டுக்கடையில் தே தாரே ஆறுவதற்குள் டிராக்காக மாற்றிப் புலனத்தில் அனுப்பினேன். கைப்பேசி அதை ஏதோ எழுத்துக் கோப்பு என்று நினைத்துத் திறக்க மறுத்தது. பெயரின் கடைசியில் ஒட்டியிருந்த ‘டிஎக்ஸ்டி’யை நீக்கியதும் வழிக்கு வந்தது.

நாளுக்கு ஒரு கோப்பு, பெயரின் முன்னால் 01, 02 என்று எண். வரைபடத்தையும் வீட்டிலேயே பதிவிறக்கிவிட வேண்டும். மேட்டில் மூச்சு வாங்கும்போது இணையத்தையும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

புக்கிட் பெராப்பிட் ஏற்றம் தொடையைப் பதம் பார்த்தது. இறங்கியதும் மழை, தைப்பிங் ஆயிற்றே! ஈரத் திரை விரலுக்குக் கட்டுப்படவில்லை. பொத்தான் உள்ள கருவியின் அருமை அப்போது புரியும்.

மறுநாள் மாத்தாங் வழியாகச் சமதளம், காற்றில் சதுப்பு நில வாசம், கரிச்சூளைப் புகை. கோல செபத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் இரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து இங்கேதான் ஓடியது. அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வந்தது. தண்டவாளம் போய்விட்டது, நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது, தமிழிலும் எழுதப்பட்டு. சித்தப்பா அதைத் தொட்டுப் பார்த்தார், நான்கைந்து படம் எடுத்தார்.

அன்றிரவு திரும்பும் கோப்பை அவரே தயாரித்தார். வந்த பாதையை அப்படியே தலைகீழாக்கவில்லை. நகருக்குள் ஒருவழிச் சாலைகள் இருக்கின்றன என்று சொல்லி, ஒவ்வொரு சந்திப்பையும் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தார்.