மார்சிலிங் சந்தையில் மூக்குக்குப் பயிற்சி

மார்சிலிங் எம்ஆர்டியில் இறங்குபவர்களில் பலர் ஜோகூருக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள். நான் போனது ஈரச்சந்தைக்கு, தோழியோடு. ஹோட்டலில் பரிமாறும் வேலையில் இருக்கும் அவள், ஒயின் நிபுணராக உயர நினைக்கிறாள். டபிள்யூஎஸ்இடி மூன்றாம் நிலைத் தேர்வில் ஒருமுறை தவறிவிட்டாள். மறுபடியும் பணம் கட்டியிருக்கிறாள்.

1969ல் லண்டனில் தொடங்கிய அமைப்பு அது. எழுத்துத்தேர்வோடு, பெயர் மறைத்த இரண்டு ஒயின்களின் நிறம், மணம், சுவையை விவரிக்க வேண்டும். வகுப்பில் ருசித்ததைத் துப்பிவிடுவார்கள் என்றதும்தான் அவள் அம்மா சமாதானமானார்.

பாடத்தில் வரும் கூஸ்பெரியை அவள் கண்டதில்லை. ஆனால் லைச்சி? கெவூர்ட்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயினின் அடையாளமே லைச்சி, ரோஜா வாசம்தான். பழம் வாங்கி, அங்கேயே உரித்து, கண்ணை மூடி முகர்ந்து, நோட்டில் எழுதினாள். பழக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

அங்கிருந்து ரயிலேறி, நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியா. மளிகைக்கடையில் மிளகு, கிராம்பு. சிராஸ் ஒயினில் மிளகு மணப்பது வெறும் வர்ணனையல்ல. ரோட்டண்டோன் என்ற ஒரே வேதிப்பொருள்தான் இரண்டிலும் மணக்கிறது என்று 2008ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஓக் பீப்பாயில் ஊறிய ஒயினின் கிராம்பு வாசத்துக்கு யூஜினால் காரணம், கிராம்பிலும் அதேதான். ரசத்தோடு வளர்ந்த மூக்குக்கு இது சாதகம் என்பது என் கட்சி. “மணம் தெரியும், பெயர்தான் ஆங்கிலத்தில் வரமாட்டேங்குது” என்கிறாள் அவள்.

இந்தியாவின் சோனல் ஹாலந்து, இத்துறையின் உச்சமான மாஸ்டர் ஆஃப் ஒயின் பட்டத்தை 2016ல் பெற்றார். தோழிக்கு இப்போதைக்கு மூன்றாம் நிலை போதும். தேர்வு அடுத்த மாதம். நூறு கிராம் மிளகு வாங்கினாள். பாதியை நான் ரசத்துக்கு எடுத்துக்கொண்டேன்.