சும்மா இருந்த கார்டு

மகனுக்காக அப்பா பி.எஃப். கடன் போட்டு வாங்கிய கம்ப்யூட்டர் அது. தனி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜி.பி. ராம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஆனாலும் கேம் திக்கித் திணறியது. நொடிக்கு 60 ஃப்ரேமாவது வர வேண்டிய இடத்தில் 20-ஐத் தாண்டவில்லை. "எப்படிடா ஓடுது?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் "சூப்பரா ஓடுதுப்பா" என்றான். இன்னொரு கார்டு கேட்க மனசு வரவில்லை.

டிரைவரைப் புதுப்பித்தான். விண்டோஸை அழித்து மறுபடி போட்டான். பலனில்லை. கடைசியில், கேமை ஓடவிட்டபடியே டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தைப் பார்த்தான். ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் 100 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்கிய கார்டோ 0-வில் சும்மா இருந்தது.

பின்பக்கம் டார்ச் அடித்தான். மானிட்டரின் ஹெச்.டி.எம்.ஐ. கேபிள், யு.எஸ்.பி. போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் மதர்போர்டில் செருகியிருந்தது. அதற்குக் கீழே கார்டின் போர்ட்டுகள் காலி. கேபிளை அங்கே மாற்றினான். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது. டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றிருந்த மானிட்டரையும் 144-க்கு மாற்றினான்.

இப்போது நண்பர்கள் யாராவது "கேம் ஸ்லோடா" என்றால், "கேபிள் எங்கே செருகியிருக்கு?" என்றுதான் முதலில் கேட்கிறான். லேப்டாப் என்றால், "சார்ஜர் போட்டிருக்கியா? காற்று போகிற ஓட்டையில தூசி இருக்கா?" பேட்டரியில் ஓடினாலும் சூடேறினாலும் கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதையெல்லாம் பார்க்கப் பத்து நிமிஷம் போதும், பைசா செலவில்லை. புதுக் கார்டு விலை விசாரிப்பது அதற்கப்புறம்தான்.