பூசணம் பிடித்த பருப்பு

திருவண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்கி விற்பது எங்கள் குடும்பத் தொழில். அந்தத் தொழிலில் நான் செய்த தவறை ஒளிக்காமல் எழுதுகிறேன். நல்ல பருப்பிலிருந்து கழித்த சுருங்கல், கறுப்பு, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் தனி மூட்டையாகக் கட்டி விலை குறைத்து விற்றேன். வாங்கியவர்களில் செக்குக்காரர்கள் உண்டு. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் வறுத்து விற்பவர்களும் உண்டு. மனுசர் வயிற்றுக்குத்தான் போகிறது என்று தெரிந்தே விற்றேன்.

அந்தப் பருப்பை எனக்கு நன்றாகத் தெரியும். காய் முற்றும் நேரத்தில் மழை பொய்த்தால் மண்ணுக்குள்ளேயே பூசணம் ஏறும். பிடுங்கிய காய் ஐப்பசி மழையில் நனைந்தால் களத்தில் ஏறும். ஈரத்தோடு மூட்டை பிடித்தால் கிடங்கில் ஏறும். பருப்பை இரண்டாகப் பிளந்தால் நடுக்குழியில் மஞ்சள் கலந்த பச்சைத் தூள் ஒட்டியிருக்கும். நாக்கில் வைத்தால் கசக்கும். உப்பும் காரமும் போட்டு வறுத்தால் கசப்பு மறையும். விஷம் முழுசாகப் போகாது.

அந்த விஷத்தின் பெயர் அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகு, தீவனத்தில் கலந்த மல்லாட்டைப் புண்ணாக்கில் இதைக் கண்டுபிடித்தார்கள். 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்ற ஏழைகள் நூறு பேருக்கு மேல் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் இதுவே கல்லீரல் புற்றுநோயைக் கொண்டுவரும்.

இதை எடுத்துச் சொன்னவர்களிடம் நான் சொன்ன பதில்: "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதைத்தான் சார் தின்னுறோம். யாருக்கு என்ன ஆயிடுச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் மரபணுவில் இருக்கிறது. கல்லீரலுக்குள் போன இந்த விஷம் அங்கே இன்னும் கொடிய வடிவமாக மாறி டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொள்கிறது. புற்றுநோய் வராமல் காக்கும் பி53 என்ற மரபணுவைக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மாற்றிவிடுகிறது. ஒட்டுவதற்கு முன்பே அதைப் பிடித்து வெளியேற்றும் நொதிகளும் உடம்பில் உண்டு. அவற்றில் ஒன்றுக்கான ஜி.எஸ்.டி.எம்.1 மரபணு பலருக்குப் பிறவியிலேயே கிடையாது. 1995இல் வெளியான ஓர் ஆய்வு, கானாவிலும் சீனாவிலும் மக்களைச் சோதித்து, இந்த நொதிகளின் மரபணு வேறுபாட்டுக்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று காட்டியது. ஹெபடைடிஸ் பி கிருமியும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். ஷாங்காய் ஆண்களிடம் செய்த ஆய்வில், விஷம் மட்டும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து சுமார் 3 மடங்கு, கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு, இரண்டும் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய 60 மடங்கு.

என் தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அவர் உடம்பு வாகு தாங்கியிருக்கலாம். அதை வைத்து ஊருக்கெல்லாம் நான் எப்படி உத்தரவாதம் கொடுத்தேன்? பௌர்ணமிக் கூட்டத்தில் பொட்டலம் வாங்கும் பிள்ளைக்கு விஷத்தை வெளியேற்றும் அந்த மரபணு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பெற்ற தாய்க்கும் தெரியாது. நோய் வந்தாலும் பல வருஷம் கழித்துத்தான் வரும். அப்போது யாரும் என் மூட்டையைத் தேடி வரமாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் விற்றேன். என் குற்றத்தில் மிகக் கேவலமானது அதுதான்.

இப்போது கழித்த பருப்பைக் குழி வெட்டிப் புதைக்கிறேன். நஷ்டம்தான். ஆனால் முன்பு விற்றதைத் திரும்ப வாங்க முடியாது.

சக வியாபாரிகளே, ஈரக்காயை மூட்டை பிடிக்காதீர்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும் வரை காயவிடுங்கள். கழிவைச் செக்குக்கும் அனுப்பாதீர்கள். புண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலிலும் அந்த விஷம் இறங்கும். வாங்கித் தின்பவர்களே, கசக்கும் கடலையைத் தயங்காமல் துப்புங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.