கீழே ஒலிக்கும் தந்தி

மெல்லிசைக் கச்சேரிக்குப் போகிறவர்கள் பாடகரைக் கவனிப்பார்கள், புல்லாங்குழல்காரரைக் கவனிப்பார்கள், தபலாக்காரர் உற்சாகம் வந்து விளாசினால் அவரையும் கவனிப்பார்கள். மேடையின் மூலையில் நீண்ட கழுத்துள்ள கிடாரை மாட்டிக்கொண்டு நிற்கும் பையனை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. அவன் வாசிப்பது பேஸ் கிடார். அதற்கு வழக்கமாக நாலே தந்தி. தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் வினாடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிரும். காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அந்த நாதம் முதலில் தட்டும்.

என் தங்கை மகன் அந்த மூலை மனிதர்களில் ஒருவன். செங்கல்பட்டில் இருக்கிறான். முகூர்த்த நாட்களில் கலியாண மண்டபங்களில் இளையராஜா பாட்டுக்கள். சனிக்கிழமை இரவுகளில் மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் இங்கிலீஷ் பாட்டுக்கள். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறினால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆனால் இரண்டும் இரண்டு உலகம்.

போன வருஷம் அவன் கிடாருக்குத் தந்தி மாற்ற வேண்டி வந்தது. ஒரு கலியாணக் கச்சேரிச் சன்மானம் அப்படியே அதற்குப் போய்விடும். ஆகையால் வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது.

“இதிலே ரெண்டு ஜாதி இருக்கு, மாமா” என்று எனக்கு விளக்கினான்.

நடுவே ஓர் எஃகுக் கம்பி. அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுவார்கள். சுற்றுகிற கம்பி உருண்டையாக இருந்தால் அது ரவுண்ட்வவுண்ட். தொட்டால் வரிவரியாக இருக்கும். நாதம் பளிச்சென்று கிளம்பி நெடுநேரம் ரீங்காரமிடும். விரலை நகர்த்தினால் மட்டும் கீச்சென்று ஒரு சத்தம் வரும். சுற்றுகிற கம்பி ரிப்பன் போலத் தட்டையாக இருந்தால் அது பிளாட்வவுண்ட். தொட வழவழப்பு. மேல் ஸ்தாயி அதிர்வுகள் அடங்கி, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் போலக் குமுக்கென்று பேசும். விலையும் கூடுதல்.

1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தம் பேஸ் கிடாரை விற்கத் தொடங்கியபோது வழவழப்பான தந்திதான் வழக்கம். 1960-களின் நடுவில் இங்கிலாந்தில் ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலுக்கு, பியானோபோலக் கணீரென்று பேசும் தந்தி வேண்டியிருந்தது. ரோட்டோசவுண்ட் கம்பெனி அவருக்காக உருட்டுச் சுற்றில் அதைச் செய்து கொடுத்தது. அதன்பின் உலகம் பளபளப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது.

சாயாதவர்களும் உண்டு. டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கம்பெனியின் பாட்டுக்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தட்டைச் சுற்றுத் தந்தியை விடவேயில்லை. அறுந்தாலொழிய மாற்றவும் மாட்டாராம். அவர் வாசித்த பாட்டுக்கள் வீடுதோறும் ஒலித்தன. ஆனால் 1971 வரை இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் அச்சாகவில்லை.

இதை நான் தங்கையிடம் சொன்னதுதான் வினையாயிற்று.

“அதைத்தான் அண்ணா நானும் சொல்றேன். இவன் வாசிக்கிறது காதிலேயே விழமாட்டேங்குது. உறவுக்காரங்க வந்து ‘உன் பிள்ளை என்ன வாசிக்கிறான்’னு கேக்கறாங்க. பளிச்சுனு கேக்கிறதையே வாங்கட்டும்!” என்றாள்.

அவள் சங்கீதம் தெரியாதவள் அல்ல, வீணை வாசிப்பவள். வீணையிலும் இந்த வழக்கு உண்டு. தடித்த இரண்டு தந்திகளுக்கு வெறும் பித்தளைக் கம்பியும் போடுவார்கள். எஃகின்மேல் சுற்றிய தந்தியும் போடுவார்கள். சுற்றியதானால் தட்டைச் சுற்றே உத்தமம் என்பது அவள் கட்சி. கமகத்துக்கு விரலை இழுக்கும்போது உருட்டுச் சுற்று உரசும். தன் வாத்தியத்துக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயம்! தாய் மனசு அப்படித்தான்.

பையனுக்கோ கடற்காற்றுக் கவலை. உருட்டுச் சுற்றின் இடுக்குகளில் வியர்வையும் உப்பும் புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன; சில வாரங்களில் பளபளப்பு செத்துவிடுகிறது. தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்தால் கொஞ்ச நாள் உயிர் வரும். ரசப் பாத்திரத்தில் தந்தி கொதிப்பதை நானே அவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். தர்மராஜ ரதத்தில் வீணை ஏந்திய சிவனைச் செதுக்கிய பல்லவச் சிற்பி கொடுத்துவைத்தவன். கல் வீணைக்குத் தந்தி மாற்ற வேண்டாம்.

கடைசியில் பையன் ஒரு யுக்தி செய்தான். ஓட்டல் நண்பன் ஒருவனின் உருட்டுச் சுற்றுக் கிடாரையும், மெல்லிசைக் குழுத் தலைவரின் பழைய தட்டைச் சுற்றுக் கிடாரையும் இரவல் வாங்கி, ஒத்திகைக்குத் தாயாரை அழைத்துப் போனான். நானும் கூடப் போனேன். தங்கை முதலில் தந்திகளைத் தடவிப் பார்த்து, “இது அரம் மாதிரி இருக்கே!” என்றாள். ஆனாலும் தன் கட்சியை விடவில்லை.

பழைய தாலாட்டுப் பாட்டு ஒன்றை இரண்டு தடவை பாடச் சொன்னான். முதல் தடவை உருட்டுச் சுற்று. ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்டது. தங்கை அசையாமல் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தில் பெருமை. இரண்டாம் தடவை தட்டைச் சுற்று. பையன் எங்கே போனான் என்றே தெரியவில்லை. பாட்டு மட்டும் கீழே ஒரு பாய் விரித்தாற்போலச் சௌகரியமாக உட்கார்ந்தது. பாதிப் பாட்டில் பக்கத்தில் ஒரு முனகல் கேட்டது. திரும்பினேன். தங்கை கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் பையன் சிரித்தான். “முதல்லே என்னைப் பார்த்தே. ரெண்டாவதிலே பாடினே. எது வேணும்னு நீயே சொல்லும்மா.”

அவள் பதில் சொல்லவில்லை. தட்டைச் சுற்றையே வாங்கினான்.

உருட்டுச் சுற்று மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டைவிரலால் தந்தியை அறைந்து வாசிக்கிறவர்களுக்கு அதுதான் சரி. ஓட்டல் நண்பர்களுக்கு இன்றும் கொஞ்சம் மனக்குறைதான். அங்கே ஒலிபெருக்கியில் ஒரு குமிழைத் திருகி இவன் சமாளித்துக்கொள்கிறான். தன்னைக் கேட்கச் செய்யும் வாசிப்பும் ஒரு வித்தைதான். பிறரைப் பாடச் செய்யும் வாசிப்பும் ஒரு வித்தைதான். முன்னதற்குக் கைதட்டல் உண்டு. பின்னதைச் செய்கிறவனுக்குக் கைதட்டல் இல்லாமல் இருக்கத் தெரியவேண்டும். அவனைப் பெற்றவளுக்கும் தெரியவேண்டும். அதுதான் கஷ்டம்.

வருஷம் ஒன்றாகிறது, தந்தி இன்னும் மாறவில்லை. போன தை மாதம் ஒரு கலியாணத்தில் சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி, “உங்க பிள்ளை வாசிக்கிறது ஒண்ணும் கேக்கலையே?” என்று என் தங்கையிடம் விசாரித்தாள்.

“பாட்டு நல்லா இருக்கில்லே?” என்று கேட்டுவிட்டு, தங்கை வெற்றிலைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.