யார் படகில் ஏறுவது

படகுத்துறையில் என்னை மறித்த பையன் முதலில் கேட்டது, “எத்தன பேர் சார்?” நான் ஒருவன்தான் என்றதும் அவன் முகம் சுண்டிவிட்டது. “பரவால்ல, இன்னொரு ஃபேமிலி வருது, சேத்து ஏத்திக்கலாம். முகத்துவாரம் வரைக்கும் போய் வந்துரலாம்.” படகின் அணியத்தில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் நாலைந்து கிடந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். வார் இருந்தது, கொக்கி இல்லை.

பழவேற்காட்டு ஏரியில் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை இருக்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள் ஏறிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகு தாங்குவதற்கு மேல் ஆட்கள், லைஃப் ஜாக்கெட்டும் கிடையாது. தடை அதன் பிறகு வந்ததுதான். பையனிடம் அதைச் சொன்னேன். “அதெல்லாம் ஞாயித்துக்கெழமதான் சார் செக்கிங்” என்றான்.

நான் வந்த வேலை வேறு. சுத்து வலை கட்டி இறால் பிடிப்பவர்களைப் பார்த்து, அவர்களுடைய பாடு முறையைப் பற்றிக் கேட்க வந்திருந்தேன். பைக்குள் இன்னொரு காகிதமும் இருந்தது. மே மாதம் நண்பர்கள் ஆறு பேர் இமயமலை ஏறப் போகிறோம். அதற்கு ஒரு நிறுவனம் அனுப்பிய பயணத் திட்டம். முன்பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வழவழப்பான படங்கள், சிரிக்கும் முகங்கள், ஆக்ஸிஜன் சிலிண்டர் உண்டு என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

கோட்டைக்குப்பத்தில் ஒரு பெரியவர் மர நிழலில் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, அறுந்த கண்ணிகளை வலை ஊசியால் பின்னிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். பக்கத்தில் அவர் மருமகள் நண்டுகளின் கொடுக்கை நூலால் கட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பேச்சைத் தொடங்கியபோதும் அவர் கை நிற்கவே இல்லை. ஊசி உள்ளே போய், திரும்பி, ஒரு முடிச்சு, ஒரு இழுப்பு. கண்ணியின் அளவைச் சரிபார்க்க விரலைத் தவிர வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

பாடு என்பதை அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் மிஞ்சாது. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் மூன்று ஊரும் முறை வைத்துக்கொள்கின்றன, ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். முறை தப்பி வலை கட்டினவன் ஊர்ப் பஞ்சாயத்தில் பதில் சொல்ல வேண்டும். (இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிற மற்ற ஊர்க்காரர்களுக்கு இதில் பழைய மனக்குறை உண்டு. அவர்கள் பக்கத்து நியாயத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

படகுக்காரப் பையனைப் பற்றிச் சொன்னேன். ஊசி அப்போதுதான் நின்றது.

“ஏரி ஆழமில்ல தம்பி. பூநாரை நிக்குதே, அங்க மொழங்கால் தண்ணிதான். எங்க வேணா எறங்கி நிக்கலாம். மொகத்துவாரத்துல நிக்க முடியாது.”

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே ஆழம் எல்லாருக்கும் தெரியும். சராசரியாக ஒரு மீட்டர்கூடத் தேறுமா என்கிற ஏரி இது. ஆனால் ஏரித் தண்ணீர் வற்றி வெளியே ஓடும் நேரத்தில் எதிரே கடல் அலை உள்ளே வந்தால், இரண்டும் முட்டுகிற இடத்தில் அலை செங்குத்தாக எழும். மணல்திட்டும் ஓரிடத்தில் நிற்பதில்லை. போன மாதம் படகு போன வழியில் இந்த மாதம் தட்டும். வாடை வீசினால் இன்னும் மோசம்.

“நீங்க அந்த வழியாத்தானே தெனமும் போறீங்க?”

“நாங்க மீனு ஏத்திக்கினு வரோம். மீனு அடியில கெடக்கும். ஆளு எழுந்து நிப்பான். பறவைய பாத்தா அத்தன பேரும் ஒரே பக்கம் சாய்வான், போட்டோ எடுக்க.”

மருமகள் தலை நிமிராமல் சொன்னாள்: “மாமா கிட்டயும் வந்து கேப்பாங்க சார், கூட்டினு போன்னு. காசு கெடைக்குமேன்னு நான்கூட சொல்லிருக்கேன். போவ மாட்டாரு.”

இதற்காக அவரை மகான் ஆக்க வேண்டியதில்லை. அவரும் ஜாக்கெட் போடாமல்தான் கடலுக்குப் போகிறார். ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்னால் இழப்பது ஒரு நாள் காசு. அந்தப் பையனுக்குப் படகு சொந்தமில்லை. படகுக்காரருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்குக் கொடுக்க வேண்டியவன். வேண்டாம் என்று சொல்கிற வசதி அவனுக்கு இல்லை.

நான் பைக்குள்ளிருந்து மலைக் காகிதத்தை எடுத்தது அப்போதுதான். இரண்டாம் இரவு 2,900 மீட்டரில், மூன்றாம் இரவு 3,800 மீட்டரில் தங்கல் என்று போட்டிருந்தது. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால் படுக்கிற உயரத்தை நாளுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இவர்கள் ஒரு நாளை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அந்த ஒரு நாள்தான் கட்டணத்தில் குறைந்திருக்கிறது. மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துவிட்டால் சிலிண்டர் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். உடனே கீழே இறக்கியாக வேண்டும். இறக்குவது என்று முடிவெடுப்பவர் யார் என்பது காகிதத்தில் எங்கும் இல்லை.

2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். 2024 ஜூனில் உத்தரகண்டின் சகஸ்ரதால் பாதையில் மோசமான வானிலையில் கர்நாடகத்துக்காரர்கள் ஒன்பது பேர். இரண்டுக்கும் பிறகு விதிகளும் வழக்குகளும் வந்தன. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் நாற்பது மலைப்பாதைகளைத் திறந்தபோது காட்டோரக் கிராமத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. அந்த மலையிலேயே மறுநாளும் இருக்கப் போகிறவர்கள் அவர்கள்.

பெரியவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். படங்களைத்தான் பார்த்தார்.

“கூட்டினு போறவன் எந்த ஊருகாரன்?”

“தெரியாது, ஐயா. கம்பெனி டில்லியில இருக்கு.”

“கம்பெனியா மலை ஏறுது?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கண்ணிக்குப் போய்விட்டார்.

துறைக்குத் திரும்பியபோது பையன் குடும்பத்தை ஏற்றிவிட்டான். எட்டுப் பேர் வரை எண்ணினேன். சின்னப் பெண் ஒருத்தி அணியத்தில் நின்றுகொண்டிருந்தாள். “உக்காரச் சொல்லுங்க” என்று கத்தினேன். அவளுடைய அப்பா எனக்குக் கையசைத்தார், நான் வழியனுப்புவதாக நினைத்து. பஸ்ஸைத் தவறவிட்டு, படகு திரும்பும்வரை அங்கேயே நின்றேன். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தார்கள்.

மறுநாள் நிறுவனத்துக்கு போன் போட்டு, எங்களோடு வழிகாட்டியாக நடக்கப் போகிறவரின் பெயரும் ஊரும் வேண்டும் என்றும், மூன்றாம் நாள் தங்கலை மாற்ற முடியுமா என்றும் கேட்டேன். எதிர்முனையில் பேசிய பெண் தடுமாறி, விசாரித்துச் சொல்வதாக வைத்துவிட்டாள். சாயங்காலம் ஒரு பெயர் வந்தது, ஒரு கிராமத்தின் பெயரும். அவரோடு பேச வேண்டும் என்றேன். மலையில் இருக்கிறார், சிக்னல் கிடைக்க நான்கு நாளாகும் என்றார்கள். முன்பணத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.