சுடாத மண்ணுக்குத்தான் மவுசு

அடி ஒல்லி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதினால் நீ சிரிப்பாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். பேரன் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கினால் வீடு ரெண்டாகிறது, நாலு வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு பகலை எப்படித் தள்ளுவது என்று வாட்ஸாப்பில் புலம்பியிருந்தாயே, அதற்குப் பதில்தான் இது. குரலில் பதிந்து அனுப்பினால் பாதியிலேயே அணைத்துவிடுவாய். காகிதமென்றால் விடமாட்டாய். பொட்டலம் கட்டிவந்த பேப்பரையே ஓரம் கிழியாமல் பிரித்துப் படித்தவள் நீ.

முதலில் வம்பு. எங்கள் சம்பந்தியம்மா பேத்தி பிறந்தநாளுக்கு ஆன்லைனில் ஒரு பெட்டி வரவழைத்தார்கள். 'சென்சரி கிட்' என்று பெயராம். உள்ளே நாலு நிறத்தில் மணல், பிசைகிற மாவு, பிளாஸ்டிக் அச்சு, ஒரு கரண்டி. விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. "தொட்டு, மோந்து, கேட்டு விளையாடினா மூளை நல்லா வளருமாம் சம்பந்தி" என்று விளக்கம் வேறு. எந்த ஊரில் வந்து சொல்கிறார்கள் பார்! விருத்தாசலத்தில்! மண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றிப் பிழைக்கிற ஊரில்! பேத்தி என்ன செய்தாள் தெரியுமா? அன்று சாயங்காலத்துக்குள் நாலு மணலையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து சாம்பல் நிறமாக்கிவிட்டாள். "ஐயோ, கலரெல்லாம் போச்சே" என்று சம்பந்தியம்மா பதறுகிறார்கள். கலந்ததுதானே அவளுக்கு விளையாட்டு! அதை நான் சொல்ல முடியுமா? பாயசத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். உன்னிடமாவது கொட்டித் தீர்க்கிறேன்.

நாம் படிக்கும்போது செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் சுற்றுவோமே, நினைவிருக்கிறதா? இப்போதும் கார்த்திகை நெருங்கினால் அங்கே அகல் விளக்கு வேலை மும்முரமாக நடக்கும். நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மை. வெள்ளைக் களிமண்ணோடு பெல்ஸ்பார், குவார்ட்ஸ் பொடியும் சேர்த்துக் கரைத்து, கொஞ்சம் சோடியம் சிலிக்கேட் விட்டால் அந்தக் குழம்பு குறைந்த தண்ணீரிலேயே பால் மாதிரி ஓடும். 'ஸ்லிப்' என்பார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் அதை ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், ஓரமெல்லாம் மண் சுவராகப் படியும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டுக் கொஞ்சம் காயவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை. இதில் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பச்சையாக இருக்கும்போது மூக்கு உடைந்தாலும் கை ஒடிந்தாலும் யாரும் கவலைப்படமாட்டார்கள். தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் மறுபடி ஸ்லிப். சூளைக்குள் போய்விட்டால் கதையே வேறு. ஐந்நூறு, அறுநூறு டிகிரியிலேயே களிமண்ணோடு ஒட்டிப் பிறந்த தண்ணீர் பிரிந்து போய்விடும். பிறகு வருஷக்கணக்கில் ஊறவைத்தாலும் அது மண்ணாகாது.

சுட்ட பொம்மை கொலுப்படிக்கு அழகு. பிள்ளைக்கு வேண்டியது சுடாத மண். எதைக் கெடுத்தாலும் திரும்பச் செய்ய முடிகிற பொருளாகப் பார்த்துக் கொடு. மிச்சத்தை அவனே பார்த்துக்கொள்வான்.

உங்கள் ஊரிலும் பானை செய்கிறவர்கள் இருப்பார்கள். பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் தேடவே வேண்டாம். பிசைந்த களிமண் ஒரு உருண்டை வாங்கி, ஈரத்துணியில் சுற்றி மூடிபோட்ட டப்பாவில் வை. பழைய இடியாப்ப அச்சு, சீப்பு, அரச இலை, சட்டைப் பொத்தான் இவ்வளவு போதும். இலையை மண்ணில் அழுத்தி எடுத்தால் நரம்பு நரம்பாகப் பதியும். அச்சில் பிழிந்தால் புழு வரும், சடை வரும். வீட்டு ஆள்கள் வந்து "என்னடா இது, யானையா?" என்று கேட்காமல் பார்த்துக்கொள். அவனுக்கே இன்னும் தெரியாது. சாயங்காலம் எல்லாவற்றையும் அவன் கையாலேயே நசுக்கி டப்பாவில் போடச் சொல். என் பேத்திக்குச் செய்வதைவிட நசுக்குவதில்தான் ருசி. ஏதாவது ஒன்றைக் காயவைக்க ஆசைப்பட்டால் வைக்கட்டும். ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் இருந்தால் காய்கிறபோது விரிசல் விடும். ஏன் என்று கேட்பான். தண்ணீர் போகப் போக மண் சுருங்கும், மெல்லிசான இடம் முதலில் சுருங்கி இழுக்கும் என்று சொல்.

ஒன்று மட்டும் கவனம். மண் எப்போதும் ஈரமாகவே இருக்கட்டும். பீங்கான் வேலைக்கு வருகிற காய்ந்த பொடியில் சிலிக்கா தூசி உண்டு, நெஞ்சுக்கு ஆகாது. விளையாடிய இடத்தைப் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. கழுவிய தண்ணீரை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும், செடிக்கு ஊற்று.

மண் கிடைக்கவில்லை என்றால் மாவு. சம்பந்தியம்மா பெட்டியில் வந்த பிசைமாவு இருக்கிறதே, அதன் பூர்வீகத்தைக் கேள். அமெரிக்காவில் சின்சினாட்டி என்ற ஊரில் ஒரு சோப்புக் கம்பெனி, கரி அடுப்புப் புகை படிந்த சுவர்க்காகிதத்தைத் துடைக்க அதை விற்றுக்கொண்டிருந்தது. கரி போய் கேஸ் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு நர்சரி டீச்சர் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, "இதைப் பொம்மை செய்ய விற்கலாமே" என்றார். 1956-இல் 'பிளே-டோ' என்று பெயர் மாறிக் கடைக்கு வந்தது. சுவர் துடைத்த மாவுக்கு வந்த வாழ்வைப் பார்! நீ கோதுமை மாவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பிசைந்து, பாதியில் மஞ்சள்தூளும் பாதியில் பீட்ரூட் சாறும் சேர். உப்பு போட்டால் நாலு நாள் கெடாது என்பார்கள். ஆனால் கண்டதை வாயில் வைக்கிற வயசில் அவ்வளவு உப்பு ஆபத்து. அன்றைக்குப் பிசைந்ததை அன்றைக்கே எறிந்துவிடு.

கார்ன்ஃப்ளார் இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து பார்த்திருக்கிறாயா? விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும். ஓங்கிக் குத்தினால் கல்லாக நிற்கும். கையில் உருட்டிக்கொண்டே இருந்தால் உருண்டை, நிறுத்தினால் விரல் வழியே ஒழுகிவிடும். என் வீட்டுக்காரரே பேப்பரைக் கீழே வைத்துவிட்டு வந்து குத்திப் பார்த்தார்! நம் ஊர் ஸ்லிப் இதற்கு நேர் எதிர். சும்மா வைத்தால் கெட்டிப்படும், கலக்கினால் இளகி ஓடும்.

பீங்கான் ஊர்க்காரி காதுக்கு ஒன்று சொல்லாமல் விடுவேனா? கப்பு வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, நல்லதென்றால் 'ணங்'கென்று பேசும், கீறல் இருந்தால் மொத்தையாக ஒலிக்கும். அதே கப்பில் ஏழெட்டை வரிசையாக வைத்து விதவிதமான அளவில் தண்ணீர் ஊற்றி, மரக்கரண்டிக் காம்பால் தட்டவிடு. தண்ணீர் ஏற ஏறச் சுருதி இறங்கும். ஜலதரங்கமே அதுதானே! சீதா துரைசாமி, ஆனையம்பட்டி கணேசன் எல்லாம் பீங்கான் கிண்ணங்களைச் சுற்றி அடுக்கிக் கச்சேரியே செய்தார்கள். உன் பேரன் கச்சேரி பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும். அவர்கள் வீட்டு மிக்ஸி சத்தத்தை நீ பொறுத்துக்கொள்ளவில்லையா?

இன்னொன்று, எங்கள் வீட்டில் 'சுந்தரர் விளையாட்டு' என்று ஓடுகிறது. நம் பழமலைநாதர் கொடுத்த பன்னிரண்டாயிரம் பொன்னை சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தாரில்லையா? ஒரு பேசின் நிறையச் சலித்த மணல், அதற்குள் சங்கு, பெரிய சாவி, மரக்கட்டை, கொட்டாங்கச்சி. கண்ணைக் கட்டிக்கொண்டு தடவி எடுத்து, எடுத்தது என்னவென்று சொல்ல வேண்டும். மணல் வேண்டாமென்றால் ஒரு மஞ்சப்பையில் பீர்க்கங்காய் நார், பட்டுத்துணி, தேங்காய் நார், ஸ்பூன் என்று போட்டு உள்ளே கையை விடச் சொல்.

இந்தப் பை விளையாட்டு மரியா மாண்டிசோரி அம்மாள் பள்ளிகளில் ரொம்பப் பிரசித்தம். அந்த அம்மாள் நம் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தியவர். 1939 கடைசியில் பிரம்ம ஞான சபையார் அழைத்து வந்தார்கள். மறுவருஷமே போரில் இத்தாலி எதிரி நாடாகிவிட, கூட வந்த மரியோவை வெள்ளைக்காரன் பிடித்து அடைத்துவிட்டான். இதில்தான் வம்பு இருக்கிறது. கல்யாணமாகாமல் பெற்ற பிள்ளை என்பதால் மரியோவைத் தன் மகன் என்று அந்த அம்மாள் வெளியே சொல்லிக்கொண்டதே இல்லை. 1940 ஆகஸ்ட் 31, அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். பரிசாக உங்கள் மகனையே திருப்பித் தருகிறோம் என்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. ஊருக்குத் தெரியாமல் வைத்திருந்ததை சர்க்கார் தந்தியிலேயே போட்டு உடைத்தது! போர் முடியும்வரை இங்கேயே தங்கி, கொடைக்கானலிலும் சில வருஷம் பள்ளி நடத்தினார். பிள்ளைக்குக் கைதான் முதல் வாத்தியார் என்பது அவர் கட்சி. சம்பந்தியம்மா சொன்ன மூளை வளர்ச்சியும் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அதற்குப் பெட்டி எதற்கு?

வீடெல்லாம் கறை என்று உன் மருமகள் முகம் சுளிப்பாள், தெரியும். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி பாட்டை அவளுக்குச் சொல். நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிற குழந்தை இல்லாதவனுக்கு வாழ்நாளே வீண் என்கிறான். ராஜா அரண்மனைத் தரையே தாங்கியது, உங்கள் டைல்ஸ் தாங்காதா? அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பெயிண்ட் பிரஷும் கொடுத்து மொட்டைமாடிச் சுவரில் வரையவிடு. வெயில் தானாக அழித்துவிடும். அந்த வாளியோடு மட்டும் அவனைத் தனியாக விட்டு நகராதே. சிறுசுகளுக்கு ஒரு ஜாண் தண்ணீரும் ஆபத்துதான்.

பயமுறுத்துவதாக நினைக்காதே, இன்னும் மூன்று சொல்லிவிடுகிறேன். குன்றிமணியை எவ்வளவு அழகாக இருந்தாலும் கொடுக்காதே. மண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே, அதேதான். உள்ளே இருப்பது விஷம். பச்சை முந்திரிக்கொட்டையும் கூடாது. அந்தப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று நம் ஊரில் பிறந்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மருமகளுக்குச் சொல். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் கை அச்சு எடுக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடு. அது இறுகும்போது சூடாகும், உள்ளே மாட்டிய விரல் புண்ணாகிவிடும். கை அச்சுக்குக் களிமண்ணே போதும்.

மாசி மகத்துக்குப் பேரனையும் கூட்டிக்கொண்டு வா. பேட்டைப் பக்கம் கூட்டிப்போய் அச்சிலிருந்து பொம்மை வெளியே வருவதைக் காட்டலாம். வரும்போது உங்கள் அம்மா வீட்டுப் பித்தளை உழக்கையும் ஆழாக்கையும் எடுத்து வா. தண்ணீர் அளந்து ஊற்றி விளையாட அதைவிட நல்ல சாமான் இல்லை. திருப்பித் தருவேனா என்று கேட்காதே.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. உன் நாத்தனாரும் எங்கள் சம்பந்தியம்மாவும் ஒரே வாட்ஸாப் குழுவில் இருக்கிறார்கள் என்று போன வாரம்தான் தெரிந்தது.

என்றும் உன்,
குண்டு