வேன் பிடித்துப் போன ஞாயிறு

"செயின்ட் கிளயர் அருவியப் பார்த்திருக்கீங்களாம்மா?" என்று ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மாவிடம் கேட்டேன்.

"பார்த்ததில்ல புள்ள. கேட்டிருக்கேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூன்று தடவை அவர் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். இரண்டு தடவை பிள்ளைப் பேற்றுக்கு, ஒரு தடவை பாட்டியைக் கூட்டிக்கொண்டு. மூன்று தடவையும் இரவு. மூன்று தடவையும் கொழுந்து லொறி. குளிருக்குப் படங்கை இழுத்து மூடி, சாக்கின் மேல் படுக்க வைத்துக் கொண்டு போனார்களாம். வழியில் ஓரிடத்தில் ஹோவென்று இரைச்சல் கேட்குமாம். "இதுதான் அருவி" என்று கூட வந்தவர்கள் சொல்வார்களாம். நாற்பது வருடம் கொழுந்தெடுத்த மனுஷி, அருவியை அப்படித்தான் அறிந்திருக்கிறார்.

சகோதரிகளே, ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் ஐம்பது கிலோமீற்றர்கூட இல்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நானும் பஸ்ஸில் நூறு தடவை போயிருக்கிறேன். அம்மாவை ஒரு தடவை கூட்டிப் போய்க் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் நின்றுகொண்டு போக முடியாது. நினைத்த இடத்தில் இறங்கிப் பார்க்கவும் பஸ் நிற்காது. வேன் பிடிப்பது என்று தம்பியும் நானும் முடிவு செய்தோம். 2024 பெப்ரவரி மாதம். மழை இல்லை, ஏப்ரல் சீசன் கூட்டமும் தொடங்கவில்லை. போவதானால் அதுதான் நல்ல காலம். ஜூன், ஜூலையில் எங்கள் பக்கம் போனால் மழையையும் மூடுபனியையும்தான் பார்க்கலாம்.

தம்பி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒருவர் மூலம் வேன் பேசி, மூவாயிரம் ரூபாய் முற்பணமும் கொடுத்துவிட்டான். ஞாயிறு காலை ஆறரைக்கு வேன் வந்தது. பிள்ளைகள் ஓடிப்போய் ஏறிவிட்டார்கள். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். பின் டயர் இரண்டும் மொட்டை. சாரதிப் பையனின் கண்கள் சிவந்திருந்தன. இரவு முழுதும் ஒரு ஹயர் ஓடிவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறான். கேட்டதும் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

"இந்த வேன் வேண்டாம்" என்றேன்.

தம்பிக்கு வந்த கோபம்! மூவாயிரம் போய்விடும், நாள் போய்விடும், ஊர் சிரிக்கும் என்று கத்தினான். பிள்ளைகள் அழுதார்கள். எனக்கு 2023 ஜனவரி 20 நினைவிலிருந்து போகவில்லை. நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களின் சுற்றுலா பஸ் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து, எதிரே வந்த வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியதே, அந்த நாள். ஏழு பேர் போய்விட்டார்கள். வேனில் வந்தவர்கள் ஒரே குடும்பம். அவர்களும் எங்களைப் போல ஏறி உட்கார்ந்தவர்கள்தானே! நான் அசையவில்லை. முற்பணம் திரும்பி வரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்குப் பிறகுதான் ஹட்டன் டவுனில் வேறு வேன் கிடைத்தது. சாரதிக்கு ஐம்பது வயது இருக்கும். இந்தத் தடவை பேச்சு வார்த்தையை நானே நடத்தினேன். பெண்கள் நாம் பெரும்பாலும் இதை ஆண்களிடம் விட்டுவிட்டுச் சாப்பாடு கட்டப் போய்விடுகிறோம். அதனால் நான் கேட்டவற்றைச் சொல்கிறேன். ஒரு நாள் வாடகையா, கிலோமீற்றர் கணக்கா? நாள் வாடகை என்றால் எத்தனை கிலோமீற்றர் வரை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு? டீசல் யாருடையது? சாரதியின் பட்டாவும் சாப்பாடும் அதற்குள்ளா, வெளியேயா? காப்புறுதிப் பத்திரத்தில் ஹயருக்கு ஓட்டலாம் என்று இருக்கிறதா, அல்லது சொந்தப் பாவனைக்கு மட்டும் எடுத்ததா? இது முக்கியம். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வேனை வாடகைக்கு ஓட்டும்போது ஏதும் நடந்தால், நட்டஈடு கேட்டு அலைய வேண்டியது நாம்தான். புறப்படும் முன் மீற்றரைப் பார்த்து ஒரு துண்டில் எழுதி வைத்தேன். சாரதி ஐயா அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் கோபிக்கவில்லை. "டீச்சர், ஏறுறப்ப எந்த கியரோ, எறங்குறப்பவும் அதே கியர். பிரேக்க மட்டும் நம்பி எறங்குறவன் டிரைவரே இல்ல" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சுப் படபடப்பு பாதி குறைந்தது.

எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய். அம்மாவிடம் தொகையைச் சொல்லக் கூடாது என்று தம்பியும் நானும் பேசிக்கொண்டோம். கோபத்திலிருந்தவன் முதன்முதலாக அதற்குத்தான் வாயைத் திறந்தான்.

முன் சீட்டில் யார் உட்காருவது? எங்கள் வழக்கத்தில் அது ஆண்களுக்கு. தம்பி ஏறப் போனான். அவனைப் பின்னால் போகச் சொல்லி அம்மாவை ஏற்றினேன். ஆசையில் மட்டும் அல்ல, அம்மாவுக்கு வாந்தி வரும். முன்னால் இருந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் அவ்வளவாக வராது. தேசிக்காய் இரண்டு, இஞ்சித் துண்டு, சொப்பிங் பேக் ஐந்தாறு என்று என் கைப்பையில் ஆயத்தமாக இருந்தன. பின்னால் இருந்த பிள்ளைகளுக்குத்தான் அவை தேவைப்பட்டன.

கொட்டகலை தாண்டியதும் அம்மா பேசத் தொடங்கினார். நாங்கள் "எவ்வளவு பச்சை, எவ்வளவு அழகு" என்று சொல்லிக்கொண்டு வருகிறோம். அம்மா சொல்வது வேறு. "இந்த மலை கவாத்துக்கு வந்து வருசமாச்சு, வெட்டாம விட்டிருக்கானுக." "இது புல்லு வெட்டாத நம்பர், அட்டை பிச்சுப் புடுங்கும்." "அந்தா, அந்த எடத்துல ஏறவே முடியாது, எப்படித்தான் எடுக்குறாளுகளோ." ஒவ்வொரு மலைக்கும் அவர் மனதுக்குள் பேர் போட்டுக்கொண்டே வந்தார். சாரதி ஐயாவும் தோட்டத்துப் பிள்ளைதான். வண்டியை மெதுவாக்கி, "ஆமாத்தா, ஆமாத்தா" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

டெவன் அருவியை வீதியில் நின்றபடியே பார்த்தோம். அடுத்து செயின்ட் கிளயர். பார்வையிடத்தில் வேனை நிறுத்தியதும் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எண்பது மீற்றர் உயரத்திலிருந்து விரிந்து விழுகிறது. இலங்கையின் நயாகரா என்று இதைச் சொல்வார்கள். அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சத்தம் கொறைஞ்சு போச்சே" என்றார்.

உண்மைதான். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணையைக் கட்டி 2012இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய பின், ஆற்றுத் தண்ணீரின் பெரும்பகுதி சுரங்கம் வழியாகப் போய்விடுகிறது. அருவியைப் பார்க்க வருபவர்களுக்காகப் பகலில் ஓரளவு திறந்து விடுகிறார்கள். நான் இதை விளக்கினேன். "எல்லாத்துக்கும் கணக்கு வச்சிட்டாங்க" என்றார் அம்மா.

பார்வையிடத்தில் ஒரு பெண் ஜரிகைச் சேலை கட்டி, புதுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றார். வெளிநாட்டவர்கள் படம் எடுத்துவிட்டுப் பணம் கொடுத்தார்கள். அம்மா கிட்டே போய், "கயிறு நெத்தியில இல்ல புள்ள, கொஞ்சம் உச்சியில போடு, கழுத்து புடிச்சுக்கும்" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். அவரும் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்தான். "வெயிலும் மழையுமா பேர் போடுறதுக்கு இது பரவாயில்லக்கா" என்றார். இரண்டு பேரும் எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அப்போது ஒரு வெள்ளைக்கார இளம் சோடி முச்சக்கர வண்டியில் வந்து இறங்கியது. சாரதி இல்லை, அந்தப் பெண்ணே ஓட்டி வந்தாள். வண்டியை வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றுகிறார்களாம். (அனுமதிப்பத்திரத்துக்கு அவர்கள் அப்போது அலைய வேண்டியிருந்தது. அந்த வளைவுகளில் பழக்கமில்லாதவர் ஓட்டுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.) அம்மாவும் அந்தக் கூடையை மாட்டிக்கொண்டால் படம் எடுக்கலாமா என்று அவள் மிக மரியாதையாகக் கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

"வேணாம்னு சொல்லு" என்றார் அம்மா. "இன்னைக்கு நான் பார்க்க வந்தவ."

எப்படிச் சொல்வது என்று தடுமாறி, அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் ஒரு நிமிடம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கமராவை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்து அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நுவரெலியாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆளுநர் கிரகரி காலத்தில், 1873இல் உண்டாக்கிய வாவியில் பிள்ளைகள் படகு ஓடினார்கள். அம்மா கரையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வேர்க்கடலை சாப்பிட்டார். சீதா எலியவில் அம்மனைக் கும்பிட்டோம். தாமதமாகப் புறப்பட்டதால் ஹக்கலைப் பூந்தோட்டத்துக்குப் போக முடியவில்லை. "மொதல் வேன்ல வந்திருந்தா போயிருக்கலாம்" என்று தம்பி ஒரு தடவை சொல்லிக்காட்டினான். நான் கேட்காதது போல் இருந்துவிட்டேன். பெண்களோடு போகிறவர்கள் மலசலகூடம் எங்கெங்கே என்று சாரதியிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வருவதுதான் நம் பெண்களின் பழக்கம். இப்போது போகிறவர்கள் இன்னொன்றையும் விசாரியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகத்து வீதிகள் பல இடங்களில் மண்சரிவில் சிக்கின. எந்தப் பாதையால் போவது என்பதை வேன் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. செயின்ட் கிளயர் கிட்டே வந்ததும் அம்மா வேனை நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை இறக்கிவிட்டுக் காது கொடுத்தார். சாரதி ஐயா எஞ்சினையும் நிறுத்தினார். பூச்சிகளின் சத்தம் மட்டும்தான் இருந்தது.

"அப்பெல்லாம் ராத்திரியிலதான் பெருசா கேக்கும்" என்றார். "உன் அக்கா வயித்துல இருந்தப்போ, அந்தச் சத்தம் கேட்டதும் பாதித் தூரம் வந்துட்டோம்னு நெனைச்சேன்." அந்த அக்கா தங்கவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. தம்பி பின்னாலிருந்து கையை நீட்டி அம்மாவின் சால்வையைச் சரி செய்தான்.

ஹட்டன் வெளிச்சம் தெரியத் தொடங்கியதும் அம்மா மெதுவாகக் கேட்டார், "வேனுக்கு எவ்வளவுடா?"

"அஞ்சாயிரம்மா" என்றான் தம்பி.

"அஞ்சு நாள் பேரா!" என்று வாயில் கை வைத்தார். சாரதி ஐயா நேரே வீதியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். கொஞ்ச தூரம் போனபின் அம்மா, "மாத்தளைக்குப் போவணும்னா இன்னும் கூடக் கேப்பாங்களோ? சின்னம்மாவப் பார்த்து எத்தனை வருசமாச்சு" என்றார்.